கேட்டுப் பெற முடியாத கடன்

பகைவன் தன் பகைவனைக் கொன்றான் என்று கேட்டால் உலகம் அதனை வியப்பின்றி ஏற்கிறது. முன்பின் அறியாத இருவர் மோதி மாண்டனர் என்று கேட்டால் சற்றே இரங்கிக் கடந்து போகிறது. ஆனால், மகன் தந்தையைக் கொன்றான் என்றோ, தாய் தன் மக்களைக் கொன்றாள் என்றோ கேட்கும்போது மனித உள்ளம் திகைத்து நின்றுவிடுகிறது. அச்செய்தியை ஏற்கவும் இயலவில்லை, மறக்கவும் இயலவில்லை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், தம் கவிதையியல் நூலில் இவ்வுண்மையை நாடக இலக்கணமாகவே வகுத்துரைத்தார். அச்சத்தையும் இரக்கத்தையும் ஒருங்கே எழுப்புவது அவலநாடகத்தின் பணி. பகைவரிடையே நிகழும் கொடுமையாலோ அயலாரிடையே நிகழும் கொடுமையாலோ அப்பணி நிறைவேறாது. உடன்பிறந்தார், தந்தையும் மகனும், தாயும் மகனும் என உறவுடையோரிடையே நேரும் கொடுமையையே புலவன் தேடிக் கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. சிறந்த அவலநாடகங்கள் ஒரு சில குடும்பங்களின் கதைகளையே சுற்றி வருகின்றன என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

அவலம் எங்கே பிறக்கிறது என்பதை அரிஸ்டாட்டில் கூறிவிட்டார். அங்கே உறவு ஏன் முறிகிறது என்பதை நாடகங்களிலிருந்தே அறிந்துகொள்ளவேண்டும். அன்பு இன்மையே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், இந்நாடகங்களை ஊன்றிக் கற்பார்க்கு அவ்விடை நிறைவு தருவதில்லை. லியர் மன்னன் தன் இளைய மகளை மற்ற எவரினும் மிகுதியாக நேசித்தவன். கிரீயான் தன் மகனை வெறுத்தவன் அல்லன். மீடியா தன் மக்களைத் தழுவிக் கலங்கியவள். அன்பு இருந்தும் உறவு அறுந்தது எனின், குறை வேறெங்கோ இருத்தல் வேண்டும். பெற்றோர்க்குப் பிள்ளைகள் பட்டிருக்கும் கடன் எத்தகையது? அதனைப் பெற்றோர் கேட்டு வாங்க இயலுமா? இந்த அறக்கேள்வியே இந்நாடகங்களின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அச்சத்தால் அறுந்த உறவு

சோபகிளீசின் ‘ஈடிபஸ் மன்னன்’ ஊழின் வலிமையைக் காட்டும் நாடகம் என்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. அது பொருந்தாத கருத்தன்று. ஆயினும், அக்கதையைக் குழந்தையின் பக்கத்திலிருந்து நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும்.

தீப்ஸ் நகர மன்னன் லேயஸ், தன் மகன் கையால் தனக்குச் சாவு நேரும் என்னும் தெய்வவாக்கைக் கேட்டு அஞ்சினான். குழந்தை பிறந்து மூன்று நாள் கழிவதற்குள் அதன் கணுக்கால்களைப் பிணித்து, ஆளில்லா மலையில் எறியச் செய்தான். அக்குழந்தையை இடையனிடம் எடுத்துக் கொடுத்தவள் பெற்ற தாய் யொகாஸ்டாவே. இடையன் இரக்கப்பட்டான். அதனால் குழந்தை கொரிந்து நாட்டு மன்னன் பாலிபசின் வீட்டில் வளர்ந்தது. வீங்கிய பாதத்தான் என்னும் பொருள்படும் ஈடிபஸ் என்ற பெயரே பெற்றோர் செய்த கொடுமையின் வடு.

வளர்ந்த ஈடிபசும் ஒருநாள் அதே தெய்வவாக்கைக் கேட்கிறான். தந்தையைக் கொல்வாய் என்றதும், தான் தந்தையென்று நம்பிய பாலிபசைக் காக்கும்பொருட்டு, அரசுரிமையையும் வீட்டையும் துறந்து கொரிந்து நாட்டைவிட்டே ஓடிவிடுகிறான். ஒரே அச்சம் இருவர் உள்ளத்தில் புகுந்தபோது எத்துணை வேறுபட்ட செயல்களாயிற்று! தன்னைக் காத்துக்கொள்ளத் தந்தை மகனை எறிந்தான். தந்தையைக் காக்க மகன் தனக்குரியவற்றையெல்லாம் எறிந்தான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில் அவ்விருவரும் எதிரெதிரே சந்தித்தபோது, ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியவில்லை. தெரியாமற் போனதற்குக் காரணம் அந்தப் பழைய மலைதான். மகனாக வளர்த்திருந்தால் அவன் தந்தையின் முகத்தை அறிந்திருப்பான். பிள்ளையைத் தனக்கு வரும் ஆபத்து என்று மட்டுமே கண்ட தந்தை, அந்த ஆபத்தைத் தானே உருவாக்கிக்கொண்டான்.

இந்நாடகத்தில் எளிதில் கவனத்திற்கு வாராத ஓர் இடமும் உண்டு. பாலிபஸ் தன்னைப் பெற்றவன் அல்லன் என்று அறிந்தவுடன், பிறர் கையிலிருந்து பெற்ற பிள்ளையை அவன் எப்படி அவ்வளவு நேசிக்க முடிந்தது என்று ஈடிபஸ் வியந்து கேட்கிறான். பிள்ளையில்லாத ஏக்கமே காரணம் என்று தூதன் விடை கூறுகிறான். பெற்றவன் எறிந்த பிள்ளையைப் பெறாதவன் ஏந்திக்கொண்டான். குருதியால் மட்டும் இவ்வுறவு அமைவதில்லை என்பதைச் சோபகிளீஸ் இவ்வாறு ஓசையின்றி உணர்த்திவிடுகிறார்.

ஆணையால் அறுந்த உறவு

அதே புலவர் பெருமானின் ‘ஆன்டிகனி’, கி.மு. 441ஆம் ஆண்டளவில் அரங்கேறியதாகக் கருதப்படுவது. உடன்பிறந்தானின் உடலை அடக்கம் செய்யக்கூடாது என்ற அரசாணையை ஆன்டிகனி மீறுகிறாள். அரசன் கிரீயான் அவளுக்குச் சாவுத் தண்டனை விதிக்கிறான். அரசின் சட்டத்திற்கும் மனச்சான்றின் சட்டத்திற்கும் இடையிலான போராட்டமாக இந்நாடகம் புகழ்பெற்றிருக்கிறது. ஆயின், கிரீயானை அழித்தது ஆன்டிகனியின் மீறல் அன்று. தன் மகன் ஹீமானோடு நிகழ்த்திய உரையாடலே அவனை அழித்தது.

ஆன்டிகனியை மணக்க இருந்த ஹீமான், சினத்தோடு வரவில்லை. தந்தைக்குத் தான் உரியவன் என்று பணிவோடுதான் பேச்சைத் தொடங்குகிறான். நகர மக்கள் அவளுக்காக இரங்குகின்றனர் என்பதையும், அரசன் முகத்துக்கு அஞ்சி அதை வெளியே சொல்லவில்லை என்பதையும் எடுத்துரைக்கிறான். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் பிழைக்கிறது, எதிர்த்து நிற்பது வேரோடு சாய்கிறது என்று உவமை காட்டுகிறான். தந்தையின் நலத்தைவிடச் சிறந்த செல்வம் தனக்கில்லை என்றும் கூறுகிறான். இவற்றினும் மேலாக ஒரு மகன் என்ன சொல்ல இயலும்?

கிரீயானின் செவியில் இவையெல்லாம் ஒரே ஒலியாகத்தான் கேட்கின்றன: சிறியவன் பெரியவனுக்கு அறிவுரை கூறுகிறான் என்பதே அது. தந்தையின் பகைவரைத் தன் பகைவராகக் கொண்டு, தந்தையின் கருத்தைத் தன் கருத்தாகக் கொண்டு வாழும் பிள்ளைகளையே மனிதர் வேண்டிப் பெறுகின்றனர் என்பது அவன் கொள்கை. அவனுக்கு வேண்டியவன் தனக்கென ஒரு மனம் உடைய மகன் அல்லன். தன் மனத்தையே திருப்பிக் காட்டும் கண்ணாடி. தன் முகத்தை இனி நீ காணமாட்டாய் என்று கூறி ஹீமான் வெளியேறும்போது, அது இளைஞனின் வெற்றுச் சினம் என்றே கிரீயான் எண்ணிவிடுகிறான்.

முதிய குறிசொல்வோன் டைரீசியசின் எச்சரிக்கைக்குப் பிறகு கிரீயான் மனம் மாறிச் செல்கிறான். அங்கே ஆன்டிகனி தூக்கிட்டு இறந்து கிடக்கிறாள். மகன் தந்தையின்மேல் வாளை ஓங்கி, அது தவறவே, தன்மேலேயே பாய்ச்சிக்கொள்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் கணவனைச் சபித்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கீழ்ப்படிதலைக் கடனாகக் கேட்ட தந்தையிடம் கீழ்ப்படிவதற்கு ஒருவரும் எஞ்சவில்லை.

கருவியாக்கப்பட்ட பிள்ளைகள்

யூரிப்பிடீசின் ‘மீடியா’ கி.மு. 431ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத் திருவிழாப் போட்டியில் நடிக்கப்பட்டு மூன்றாம் இடமே பெற்றது. அதனைப் பார்த்தோர் மனம் எவ்வாறு அதிர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தன்னைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கும் ஜேசனைப் பழிவாங்க, மீடியா தன் இரு மக்களையும் கொன்றுவிடுகிறாள்.

அவள் அன்பில்லாதவள் அல்லள். கொல்லத் துணிவதும், குழந்தைகளின் கண்களையும் சிரிப்பையும் கண்டு அத்துணிவு கரைவதும், மீண்டும் துணிவதுமாக அவள் உள்ளம் அலைக்கழிவதை யூரிப்பிடீஸ் நீண்ட தனிமொழியில் காட்டுகிறார். முதுமையில் தன்னைப் பேணி, இறந்தபின் தன் கைகளால் அடக்கம் செய்வார்கள் என்று அக்குழந்தைகளைப் பற்றித் தான் கண்ட கனவுகளையும் அவள் சொல்லிப் புலம்புகிறாள். ஆனால், கணவனைத் தாக்குவதற்கு அவர்களைவிடக் கூரிய ஆயுதம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

குற்றம் அவளுடையது மட்டும் அன்று. புதிய திருமணம் மக்களின் நன்மைக்கே என்று ஜேசன் தன் செயலுக்கு அவர்களைக் காரணமாக்கினான். மணமகளைக் கொல்லும் நஞ்சு தோய்ந்த ஆடையை அவர்கள் கையிலேயே மீடியா கொடுத்தனுப்பினாள். தந்தைக்கு அவர்கள் சாக்கு. தாய்க்கு அவர்கள் தூதர், பின்பு ஆயுதம். அக்குழந்தைகளுக்கு நாடகத்தில் பெயர்கூட இல்லை. இறுதியில் உள்ளிருந்து கேட்கும் அலறல் மட்டுமே அவர்கள் குரல். கணவன் மனைவி பூசலில் பிள்ளைகளை நடுவில் நிறுத்தும் வீடுகள் எக்காலத்திலும் உண்டு. அங்கெல்லாம் கொலை நிகழ்வதில்லை. ஆனால், பிள்ளைகள் பெயரற்றுப் போவது நிகழத்தான் செய்கிறது.

அளந்து பார்க்கப்பட்ட அன்பு

கிரேக்க நாடகங்களில் சிதறிக் கிடக்கும் இவ்வுண்மைகள் அனைத்தும் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ என்னும் ஒரே நாடகத்தில் வந்து கூடுகின்றன. 1606ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு, முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இந்நாடகம் நடிக்கப்பட்டது. 1608இல் அது நூலாக அச்சேறியது.

முதுமையடைந்த லியர், நாட்டை மூன்றாகப் பிரித்து மூன்று பெண்மக்களுக்கும் கொடுக்க முனைகிறான். நாட்டுப்படம் விரிக்கப்படுகிறது. தன்னை மிகுதியாக நேசிப்பவர் யார் என்று சொல்லுங்கள், அதற்கேற்ப மிகுதியாகத் தருகிறேன் என்கிறான். மூத்தவள் கானரிலும் அடுத்தவள் ரீகனும் அளவில்லா அன்பைச் சொற்களில் கொட்டி நிலத்தைப் பெற்றுக்கொள்கின்றனர். இளையவள் கார்டீலியாவின் முறை வருகிறது. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிறாள் அவள். மீண்டும் கேட்டபோது, மகளுக்குரிய கடமைப்படி நேசிப்பதாகவும், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்றும் கூறுகிறாள். பெற்று, வளர்த்து, அன்பு காட்டிய தந்தைக்குப் பணிவும் அன்பும் மதிப்பும் செலுத்துவதாகவும், தனக்குத் திருமணமாகும்போது அன்பில் பாதி கணவனுக்கும் உரியதாகும் என்றும் விளக்குகிறாள்.

இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கார்டீலியா கடனை மறுக்கவில்லை. கடன் உண்டு என்பதை அம்மூவருள் தெளிவாகச் சொன்னவள் அவள் ஒருத்தியே. அதனைச் சபை நடுவே ஏலத்தில் வைப்பதைத்தான் அவள் மறுத்தாள். லியரோ தந்தை என்னும் உறவையே அந்த நொடியில் துறந்து, சீர் எதுவுமின்றி அவளை விரட்டிவிடுகிறான். தடுத்துப் பேசிய உண்மை ஊழியன் கென்ட்டும் நாடு கடத்தப்படுகிறான்.

மூத்த பெண்மக்கள் இருவரையும் பிறவியிலேயே கொடியவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஷேக்ஸ்பியர் அவ்வளவு எளிதாக விடவில்லை. தந்தை எப்போதும் தங்கையையே மிகுதியாக நேசித்தார் என்று அவ்விருவரும் தனியே பேசிக்கொள்கின்றனர். குறைவாக நேசிக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல் கொடுத்து நிலம் வாங்கலாம் என்று கற்பித்தவன் தந்தையே. அவர்கள் செய்யப்போகும் கொடுமைக்கு இது நியாயம் ஆகாது. ஆனால், அக்கொடுமையின் விதை எங்கே விழுந்தது என்பதை இது காட்டும்.

முடியைக் கொடுத்துவிட்ட லியர், 100 வீரர்களைத் தன் துணையாக வைத்துக்கொண்டு மகள்கள் வீட்டில் மாறி மாறித் தங்குகிறான். வீரர்கள் ஒழுங்கின்றி நடக்கின்றனர் என்று கானரில் அவர்களைப் பாதியாகக் குறைக்கிறாள். சினந்து ரீகனிடம் வந்தால், 25 பேர் போதும் என்கிறாள் அவள். அப்போது லியர், ஐம்பது இருபத்தைந்தைப் போல் இருமடங்கு. ஆகவே கானரிலின் அன்பும் ரீகனின் அன்பைப் போல் இருமடங்கு என்று கணக்குப் போட்டு மூத்தவளிடமே திரும்பிப்போக முனைகிறான். முதற்காட்சியில் நிலத்தால் அளந்த அன்பை இங்கே வீரர் தொகையால் அளக்கிறான். அவன் இன்னும் ஒன்றும் கற்கவில்லை. மகள்களோ அந்தக் கணக்கை அவனுக்கே திருப்பிப் போட்டுக் காட்டுகின்றனர்: பத்து எதற்கு, ஐந்து எதற்கு, ஒருவன்தான் எதற்கு? தந்தை கையில் கொடுத்த அளவுகோலாலேயே தந்தையை அளந்தனர். சுழியமே விடையாக வந்தது.

பிள்ளை தன் உடலின் ஒரு பகுதி, தன் உடைமை என்னும் எண்ணமும் லியரிடம் ஆழப் பதிந்திருந்தது. கானரிலைச் சபிக்கும்போதுகூட, அவள் தன் சதை என்றும், தன் சதையில் எழுந்த கட்டி என்றும் பேசுகிறான். தனக்கு எதிரே தனியாக நிற்கும் மற்றோர் உயிராக அவளை அவன் ஒருபோதும் கண்டதில்லை.

பின்னர் வரும் புயல்காட்சி உலகப் புகழ் பெற்றது. அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கூறினார். பிறரால் இகழப்படுதல், உரியவரையும் உரியவற்றையும் இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல், இல்லாமை ஆகிய இந்நான்கும் அந்த வெட்டவெளியில் லியர் ஒருவனிடமே ஒருங்கு நிற்பதைத் தமிழ் கற்பார் எளிதில் உணர்வர். ஆயினும், அங்கேதான் அவன் கண் திறக்கிறது. கூரையின்றி நனையும் ஏழைகளைத் தன் ஆட்சியில் தான் எண்ணாமல் இருந்துவிட்டதாக வருந்துகிறான். கேட்பதை மறந்து கொடுப்பதை எண்ணிய முதல் நேரம் அதுவே.

கணக்கு அழிந்த இடம்

பித்துத் தெளிந்து லியர் கண்விழிக்கும்போது, எதிரே கார்டீலியா நிற்கிறாள். பிரான்சு நாட்டு அரசியாகிவிட்ட அவள், தந்தையை மீட்கப் படையோடு வந்திருக்கிறாள். மகள் வாழ்த்து வேண்டி நிற்க, தந்தை மண்டியிட முயல்கிறான். நஞ்சு வைத்திருந்தால் கொடு, குடித்துவிடுகிறேன் என்கிறான். உன் தமக்கையர்க்கு என்னை வெறுக்கக் காரணம் இல்லை, உனக்கோ காரணம் உண்டு என்றும் சொல்கிறான். அப்போதும் அவன் கணக்குத்தான் பார்க்கிறான். ஆனால், இம்முறை தன் பற்றைத் தானே எழுதிக்கொள்கிறான். கார்டீலியாவோ, அப்படி ஒரு காரணமும் இல்லை என்று மறுத்துவிடுகிறாள்.

காரணம் இருந்தது, அதனை உலகறியும். அன்று சபையில் உள்ளதைவிட ஒரு சொல்லும் மிகுத்துச் சொல்ல மறுத்தவள், இன்று உள்ளதைக் குறைத்துச் சொல்கிறாள். முதலதும் உண்மைக்காக, இரண்டாவதும் உண்மைக்காக. நாட்டைப் பெறுவதற்காக அன்பை மிகைப்படுத்துவது பொய். உறவை மீட்பதற்காகத் தீங்கை மறந்துவிடுவது பொய்யன்று. அது கடனேட்டைக் கிழித்தெறிவது. தந்தை கேட்டபோது அவளால் கொடுக்க முடியாத அன்பு, அவன் கேட்பதை நிறுத்தியபோது தடையின்றிப் பெருகி வந்தது.

காலந்தாழ்த்திய பிள்ளை

இதுவரை கூறியவற்றால் பெற்றோரிடம் மட்டுமே குறை என்று கொள்ளுதல் ஆகாது. லியரின் கதையோடு கிளாஸ்டர் பிரபுவின் கதையையும் ஷேக்ஸ்பியர் பின்னியிருக்கிறார். சிட்னியின் ‘ஆர்க்கேடியா’வில் வரும் பாப்லகோனிய மன்னன் கதையிலிருந்து அதனை அவர் எடுத்துக்கொண்டார்.

கிளாஸ்டர் தன் முறையிலா மகன் எட்மண்டின் பிறப்பைப் பற்றி, அவன் அருகில் நிற்கும்போதே பிறரிடம் வேடிக்கையாகப் பேசுவதோடுதான் நாடகம் தொடங்குகிறது. எட்மண்ட் பொய்க்கடிதம் ஒன்றைக் காட்ட, அதனை நம்பி, நல்ல மகன் எட்கரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் அவனைக் கொல்லத் தேடுகிறான் கிளாஸ்டர். கண்கள் பிடுங்கப்பட்ட பின்னரே உண்மை தெரிகிறது. பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிட்ட எட்கர், பார்வையற்ற தந்தையின் கையைப் பிடித்து வழிநடத்துகிறான், அவருக்காக இரந்து உண்பிக்கிறான், தற்கொலையினின்று காக்கிறான். ஆனால், தான் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. போருக்குப் புறப்படுமுன் வாழ்த்து வேண்டிச் சொன்னபோது, மகிழ்ச்சிக்கும் துயருக்கும் இடையே அகப்பட்ட முதியவரின் நெஞ்சம் வெடித்துவிடுகிறது. அவ்வளவு நாள் மறைத்தது தன் தவறே என்று எட்கர் தானே ஒப்புக்கொள்கிறான்.

தந்தை கேட்கக் கூடாததைக் கேட்டது ஒரு பிழை எனின், மகன் கொடுக்கவேண்டியதை நேரத்தில் கொடுக்காதது மற்றொரு பிழை. எட்கரின் தொண்டில் குறையில்லை. ஆனால், தந்தைக்கு வேண்டியிருந்தது தொண்டு மட்டும் அன்று. தொண்டு செய்பவன் தன் மகன் என்னும் அறிவு. அவ்வொரு சொல் நாள்கணக்கில் தாழ்ந்தது.

கடன் யாருடைய சொல்?

சோபகிளீசைப் பற்றிப் பழங்காலத்திலிருந்து வழங்கும் கதை ஒன்றுண்டு. முதுமையில் அவர் குடும்பச் சொத்தைப் பேணும் அறிவை இழந்துவிட்டார் என்று அவர் மக்களே வழக்குத் தொடுத்தனராம். அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘கொலோனசில் ஈடிபஸ்’ நாடகத்தை நீதிமன்றத்தில் படித்துக் காட்டி, இது அறிவிழந்தவன் எழுதியதா என்று கேட்டு விடுதலை பெற்றாராம். ரோமானிய அறிஞர் சிசரோ முதுமையைப் பற்றிய தம் நூலில் இக்கதையைக் குறிப்பிடுகிறார். கதை எவ்வாறாயினும், அந்நாடகம் சோபகிளீஸ் மறைந்தபின் கி.மு. 401இல் அவருடைய பேரனால் அரங்கேற்றப்பட்டது என்பது வரலாறு.

அந்நாடகத்தில் பார்வையிழந்த முதிய ஈடிபசைத் தேடி மகன் பாலினிசீஸ் வருகிறான். அன்பால் வரவில்லை. ஈடிபஸ் எந்தப் பக்கம் இருக்கிறானோ அந்தப் பக்கம் வெல்லும் என்னும் தெய்வவாக்கை நம்பி வருகிறான். இங்கே பிள்ளை பெற்றோரைக் கருவியாக்குகிறான். தன்னை நாட்டைவிட்டுத் துரத்தியபோது வாளாவிருந்த மகனை ஈடிபஸ் மன்னிக்கவில்லை. உடன்பிறந்தார் இருவரும் ஒருவர் கையால் ஒருவர் மடிக என்று சபிக்கிறான். அவன் சினத்தில் நீதி இருக்கிறது. ஆயினும், முன்னதாகவே மகள் ஆன்டிகனி தந்தையிடம் சொன்னதில் அதனினும் பெரிய நீதி இருக்கிறது: நீங்கள் அவனைப் பெற்றீர்கள், அவன் எத்தகைய தீமை செய்திருப்பினும், பதிலுக்குத் தீமை செய்வது உங்களுக்குத் தகாது என்பதே அவள் கூறியதன் கருத்து. சாபம் பலித்தது. மகன்கள் மாண்டனர். அவர்களுள் ஒருவனை அடக்கம் செய்யப் போய், அந்தச் சாபத்தைத் தடுக்க முயன்ற மகளே உயிர் நீத்தாள்.

இந்நாடகங்களைத் தொகுத்து நோக்கும்போது கடனைப் பற்றிய தெளிவு ஒன்று கிட்டுகிறது. வணிகக் கடனுக்கு அளவு உண்டு, தவணை உண்டு. கொடுத்தவன் கேட்கலாம், வாங்கியவன் தீர்க்கலாம். பெற்றோர்க்குப் பிள்ளை படும் கடனுக்கு அளவில்லை. முற்றும் தீர்க்கவும் முடியாது. அது கடன் அன்று என்று பிள்ளை சொல்லுதல் அறமாகாது. அது கடன் என்று பெற்றோர் கேட்டு வாங்குதலும் பயன் தராது; கேட்டு வாங்கியது அன்பாக இராது. “நான் கடன்பட்டவன்” என்பது பிள்ளை சொல்லவேண்டிய சொல். “நீ எனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை” என்பது பெற்றோர் சொல்லவேண்டிய சொல். இவ்விரண்டும் வாய் மாறும்போதே அவலம் தொடங்குகிறது. லியர் “நீ கடன்பட்டவள்” என்றான். கானரிலும் ரீகனும் “உனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை” என்றனர். இருவர் சொல்லும் வேறிடத்தில் உண்மையானவையே. சொன்ன வாய்கள்தாம் தவறானவை.

அப்படியாயின், முதிர்ந்து தளர்ந்த பெற்றோர் உணவும் உறைவிடமும் கேட்கக் கூடாதா என்னும் வினா எழலாம். இயலாமையால் கேட்பது வேறு; உரிமையால் அன்பைக் கணக்கிட்டுக் கேட்பது வேறு. இயலாதவன் கேட்கும்வரை காத்திருப்பதே பிள்ளைக்குப் பழி. நூறு வீரர்கள் லியருக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆயின், தேவையை மட்டும் கணக்கிட்டால் மனித வாழ்வு விலங்கின் வாழ்வாகிவிடும் என்று அவன் கலங்கிச் சொன்னதும் உண்மை. அவன் வேண்டியது வீரர்களை அன்று. தான் இன்னும் மதிக்கப்படுகிறோம் என்னும் ஆறுதலை. அதனை அவன் தவறான பெயரால் கேட்டான். அவர்களோ, அந்தப் பெயரை மட்டும் பார்த்து மறுத்துவிட்டனர்.

தாங்க முடியாத முடிவு

ஷேக்ஸ்பியருக்கு முன்பே மேடையேறி, 1605இல் அச்சான பழைய லியர் நாடகத்தில் மன்னன் மீண்டும் அரசு பெறுகிறான். ஷேக்ஸ்பியர் அம்முடிவை மாற்றினார். மகளும் தந்தையும் இணைந்த பிறகும் கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். இம்முடிவைப் பலராலும் தாங்க முடியவில்லை. 1681இல் நேயம் டேட் என்பவர் நாடகத்தைத் திருத்தி, லியரை மீண்டும் அரியணையில் அமர்த்தி, கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் மணம் செய்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில மேடையில் அந்தத் திருத்தமே கோலோச்சியது. 1838இல் நடிகர் மாக்ரெடி மூலநாடகத்தைப் பெரும்பாலும் மீட்டு மேடையேற்றினார். கார்டீலியாவின் சாவினால் உள்ளம் நைந்து, பதிப்பாசிரியராகத் திருத்த நேரும்வரை அக்கடைசிக் காட்சிகளைத் தாம் மீண்டும் படிக்கத் துணியவில்லை என்று டாக்டர் ஜான்சனே எழுதியிருக்கிறார்.

டேட்டின் திருத்தத்தில் இரக்கம் இருக்கிறது. ஆனால், ஒரு பொய்யும் இருக்கிறது. எவ்வளவு காலம் கழித்துத் திருந்தினாலும் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அப்பொய். கிரீயான் மனம் மாறினான், காலம் கடந்துவிட்டது. எட்கர் உண்மையைச் சொன்னான், காலம் கடந்துவிட்டது. லியர் மண்டியிட்டான், மகளோடு வாழச் சில மணி நேரமே கிடைத்தது. அவலநாடகம் மனிதனுக்குத் திருந்தும் ஆற்றல் இல்லை என்று கூறவில்லை. அந்த ஆற்றலுக்குக் காலம் காத்திருப்பதில்லை என்றே கூறுகிறது.

இறுதிக் காட்சியில் லியர், இறந்த மகளைக் கைகளில் ஏந்தி வருகிறான். அவள் குரல் எப்போதும் மென்மையானது, தாழ்ந்தது என்று நினைவுகூர்கிறான். அவள் இதழ்கள் அசைகின்றனவா என்று குனிந்து பார்த்தபடியே உயிர்விடுகிறான். நாடகத்தின் தொடக்கத்தில் அதே இதழ்கள் ஒருசில உண்மைச் சொற்களைக் கூறின. அவை போதவில்லை என்று அவளைத் துரத்தினான். இப்போது அவற்றினின்று எந்தச் சொல் வந்தாலும் அவனுக்குப் போதும்.